‘நம்னா’ என்பது துணியா, மெத்தையா? ஒரு சேணச் சொல்லால் வந்த சிக்கல்: நிகழ்வு ஆய்வு

இது ஒரு குதிரையேற்றப் பயிற்சிப் பள்ளியில் நடந்தது. சம்பந்தப்பட்டவர்கள் ஒப்புக்கொண்டதால் எழுதுகிறேன், பெயர்களை விட்டுவிட்டேன். கலைச்சொல் வேலை செய்யும் என்னை அவர்கள் கூப்பிட்டது சிக்கல் முற்றிய பிறகுதான். ஆகவே முற்பகுதி பதிவேடுகளையும் அங்கிருந்தவர்கள் சொன்னதையும் வைத்து எழுதியது. பிற்பகுதி நான் உடனிருந்தது.

பின்னணி

லாயத்தைக் கவனிக்கும் குதிரைக்காரர்களுக்காகப் பள்ளியில் ஒரு கையேடு இருந்தது. குதிரையைத் தேய்த்துவிடுவது, சேணம் பூட்டுவது, கடிவாளம், வார், அங்கவடி ஆகியவற்றைப் பராமரிப்பது என்று எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் இருந்தது. படிக்க வேண்டியவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ்தான் வரும். அதனால் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தார்கள்.

அவர் தமிழில் குறை சொல்ல எதுவும் இல்லை. வாக்கியங்கள் தெளிவாக, நேராக இருந்தன. லாயத்துக்கு வந்து பொருள்களைப் பார்க்கும்படி அவரை யாரும் அழைக்கவில்லை. அச்சடித்த தாள்கள் மட்டும் போயின. இந்த மாதிரி வேலைகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன.

கையேட்டில் வெளியே தெரியாத ஒரு பிளவு இருந்தது. பராமரிப்பு பற்றிய அத்தியாயம் பழைய குதிரைப்படைக் குறிப்புகளிலிருந்து ஏறக்குறைய அப்படியே எடுத்தது. சேணம் பொருத்துவது, புதிய சாமான் வாங்குவது பற்றிய அத்தியாயங்கள் இந்தக் காலத்துப் பயிற்றுநர்கள் எழுதியவை. இரண்டிலும் ‘நம்னா’ என்ற ஆங்கிலச் சொல் வருகிறது. சேணத்துக்கு அடியில், குதிரையின் முதுகுமேல் போடும் விரிப்பு அது. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஆசிரியர் முதலில் ‘நும்னா’ என்று எழுதினார். பிறகு அகராதியைப் பார்த்து ‘சேணத்துணி’ என்று எல்லா இடத்திலும் மாற்றினார். சதுரமான பருத்தி விரிப்புக்கு ஆங்கிலத்தில் வேறு ஒரு சொல் வருகிறது. அதன் நேர்ப்பொருளும் சேணத்துணிதான் என்பதால் அதையும் அப்படியே எழுதினார்.

கண்டவை

தமிழ்க் கையேடு புழக்கத்துக்கு வந்ததும் முரணை முதலில் கண்டவர் மூத்த குதிரைக்காரர் ஒருவர். “ஐயா, ஒரு பக்கத்துல வாராவாரம் வெதுவெதுப்பான தண்ணியில துவைங்கன்னு இருக்கு. இன்னொரு பக்கத்துல தண்ணியில ஊறப்போடவே கூடாது, தட்டி நிழல்ல காயவைங்கன்னு இருக்கு. ரெண்டும் சேணத்துணிதானே?” என்று மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பழைய குறிப்பு சலவை இயந்திரம் இல்லாத காலத்தது, புதியதையே பின்பற்றலாம் என்று மேற்பார்வையாளர் பதில் சொன்னார். அவர் பார்த்த அளவில் அதுவும் நியாயமாகத்தான் தெரிகிறது.

சாமான் அறையில் மூன்று வகை விரிப்புகள் இருந்தன. ஒன்று தடித்த கம்பளி ஃபெல்ட், அதாவது நெய்யாமல் கம்பளியை அழுத்திச் செய்தது. இரண்டாவது, பஞ்சு வைத்துத் தைத்து, சேணத்தின் உருவத்துக்கே வெட்டியது. மூன்றாவது சதுரமான பருத்தி விரிப்பு. மூன்றும் சேர்ந்து சலவை இயந்திரத்துக்குப் போயின.

பருத்தியும் பஞ்சு வைத்தவையும் நன்றாகத் திரும்பி வந்தன. ஃபெல்ட் விரிப்புகள் சுருங்கி, தடித்து, விளிம்பு விறைத்துப் போய் வந்தன. துவைத்தால் கொஞ்சம் முரடாவது சகஜம்தான் என்று அவற்றையே தொடர்ந்து போட்டார்கள். சேணத்தின் அடிப்பாகம் இப்போது விரிப்பின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதாவது விறைத்த விளிம்பு சேணத்துக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு வரம்பாக அழுத்தியது.

சில நாள்களில் ஒரு பெண்குதிரை வார் இறுக்கும்போது காதைப் பின்னுக்கு மடித்து உடம்பை நெளிக்க ஆரம்பித்தது. பழகிய, சாதுவான குதிரை அது. குறும்பு என்று நினைத்தார்கள். பிறகு தேய்த்துவிடும்போது, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுக்குப் பக்கத்தில் ரோமம் கலைந்து தோல் வீங்கியிருப்பதைக் குதிரைக்காரர் கண்டார். தொட்டால் சூடாக இருந்தது. வேறு இரண்டு குதிரைகளின் முதுகில் வீக்கம் இல்லை. ஆனால் சவாரி முடிந்ததும் வியர்வைத் தடம் சீராக இல்லாமல் இடையிடையே காய்ந்த திட்டுகள் தெரிந்தன. அழுத்தம் மிகுந்த இடத்தில் வியர்வை சரியாக வராது. அந்த உலர்ந்த திட்டுதான் முதல் எச்சரிக்கை.

வந்த கால்நடை மருத்துவர் குதிரையைப் பார்த்த கையோடு விரிப்பையும் எடுத்துவரச் சொன்னார். அதைக் கையில் வாங்கி மடக்கிப் பார்த்தார், மடங்கவில்லை. “ஃபெல்ட்டை யார் துவைத்தது?” என்று கேட்டார். கையேட்டைக் காட்டினார்கள்.

முதலில் எடுத்த முடிவுகள்

உடனே செய்தவை எளிய விஷயங்கள். அந்தக் குதிரைக்குச் சேணம் போடுவதை நிறுத்தினார்கள். வீக்கம் வடியும்வரை கையில் பிடித்து நடத்த மட்டுமே அனுமதி. சுருங்கிய விரிப்புகள் எல்லாம் ஒதுக்கப்பட்டன. மற்றக் குதிரைகளின் முதுகை ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் கையால் தடவிப் பார்ப்பது கட்டாயமாயிற்று.

அடுத்த முடிவில்தான் சிக்கல் மறுபடி முளைத்தது. ஒதுக்கியதற்குப் பதிலாகப் புதிய ஃபெல்ட் விரிப்புகள் வேண்டும். பழைய சரக்குப் பதிவேட்டில் அவற்றுக்கு ‘நம்னா’ என்றே பெயர் இருந்தது. அதே பெயரில் ஆர்டர் போனது. வந்து சேர்ந்தவை சேணத்தின் உருவத்தில் வெட்டிய, செயற்கைப் பஞ்சு வைத்துத் தைத்த மெத்தைகள்! தவறான சரக்கு என்று திருப்பி அனுப்பினார்கள். கேட்டதைத்தான் அனுப்பினோம் என்றார் விற்றவர். இரு தரப்பும் சொன்னது உண்மை என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டோம்.

இந்தக் கட்டத்தில்தான் என்னை அழைத்தார்கள். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் தப்பாகிவிட்டது, சரியான சொல்லைத் தந்தால் போதும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. சொல்லைத் தருவதற்கு முன் அது எதைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்திலேயே அது ஒரே பொருளில் நிற்கவில்லை.

சொல்லின் வழி

ஆங்கில ‘நம்னா’ இந்தியாவிலிருந்து போன சொல். இந்துஸ்தானியில் ‘நம்தா’. அதற்கு முந்தைய வடிவம் பாரசீகத்தின் ‘நமத்’. அங்கே அதற்குப் பொருள் ஃபெல்ட். நெய்யாமல், கம்பளியை நனைத்து அழுத்திச் செய்த தகடு. குதிரை, சேணம் எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. கீழே விரித்தால் கம்பளம், தோளில் போட்டால் போர்வை, குதிரைமேல் போட்டால் சேண விரிப்பு. பொருளின் பெயர் மாறாமல் அப்படியே இருந்தது. சமஸ்கிருதத்திலும் ‘நமத’ என்ற சொல் கம்பளி ஃபெல்ட்டைக் குறிக்கிறது.

இந்தியாவில் அந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. காஷ்மீரின் நம்தா என்பது பூவேலை செய்த தரைவிரிப்பு. ராஜஸ்தானின் டோங்க் நகரமும் நம்தாவுக்குப் பேர்போனது. கம்பளியைக் கோதிப் பாயின்மேல் அடுக்கடுக்காகப் பரப்பி, சோப்புத் தண்ணீர் தெளித்து, பாயோடு சுருட்டி உருட்டி மிதித்துச் செய்கிறார்கள். தறி கிடையாது, பாவும் இல்லை, ஊடையும் இல்லை. கம்பளி இழையின் மேல்பரப்பில் நுண்ணிய செதில்கள் அடுக்காக இருக்கும். ஈரம், சூடு, உராய்வு மூன்றும் சேர்ந்தால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நகர்ந்து சிக்கிக்கொள்ளும், திரும்பப் பிரியாது. ஃபெல்ட் உண்டாவதே இப்படித்தான். சலவை இயந்திரத்துக்குள் இருப்பவையும் அதே மூன்றுதான்: ஈரம், சூடு, உராய்வு. ஆக, பள்ளியில் நடந்தது துவைத்தல் என்பதைவிட, பாதியில் நிறுத்திய நம்தா வேலையைத் தொடர்ந்து செய்தது என்று சொல்லலாம். விரிப்பு சுருங்கித் தடித்ததில் ஆச்சரியம் இல்லை.

வடிவம் மாறிய கதை சிறியது. ஆங்கிலேயர் இந்தியச் சொற்களை எழுதும்போது நம்முடைய குறில் அகரத்துக்கு ‘யூ’ என்ற எழுத்தைப் போடுவது வழக்கம். சட்னி, பஞ்சாப், பண்டிட் எல்லாவற்றிலும் அதைப் பார்க்கலாம். கடைசியில் நீளும் ஆகாரத்துக்குப் பின் ‘ஹெச்’ சேர்ப்பதும் அப்படித்தான். ஆயாவை அவர்கள் எழுதும் விதத்தில் பார்க்கலாம். நம்தாவிலுள்ள தகர ஒலி முன்னால் நிற்கும் மகரத்தின் இழுப்பில் மூக்கொலியாகி ‘நம்னா’ ஆனது. ஆகவே ஆசிரியர் முதலில் எழுதிய ‘நும்னா’ எழுத்துப்படி சரி, ஒலிப்படி இல்லை.

1886-இல் ஹென்றி யூலும் ஏ. சி. பர்னெலும் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியம் இரு வடிவங்களையும் ஒரே பதிவில் தருகிறது. முதல் பொருள் ஃபெல்ட். அதற்கு அடுத்துத்தான் சேண விரிப்பு. (பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அங்குள்ள சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் செய்தவர். நூல் வெளிவருவதற்குமுன், 1882-இல், இறந்துவிட்டார்.) அதாவது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்கூட அந்தச் சொல்லைக் கேட்டவருக்கு ஃபெல்ட்தான் முதலில் நினைவுக்கு வந்திருக்கும்.

குதிரைப்படைகளில் அப்போது ஒரு விவாதமும் இருந்தது: சேணத்துக்கு அடியில் மடித்த கம்பளி போடுவதா, ஃபெல்ட் நம்னா போடுவதா? மடித்த கம்பளிக்கு ஒரு வசதி உண்டு. நீண்ட பயணத்தில் குதிரை மெலிந்தால் இன்னொரு மடிப்புப் போட்டு இடைவெளியை நிரப்பலாம். இரவில் வீரன் போர்த்திக்கொள்ளவும் ஆகும். நம்னா ஒரே தடிமனில் நிற்கும், மடிப்பு உறுத்தாது. பள்ளிக் கையேட்டின் பழைய அத்தியாயம் இந்த உலகத்திலிருந்து வந்தது.

பின்னர் பிரிட்டனில் சவாரி செய்பவர்களிடம் சொல் இடம்மாறியது. ஃபெல்ட்டுக்குப் பதிலாகச் செம்மறித்தோல், பிறகு பஞ்சு வைத்த பருத்தி, பிறகு செயற்கை இழை என்று பொருள் மாறிக்கொண்டே போயிற்று, பெயர் மட்டும் நின்றது. சதுரமான சேணத்துணி பெருகியபோது, அதிலிருந்து பிரித்துக் காட்ட, சேணத்தின் உருவத்துக்கே வெட்டியதை நம்னா என்றார்கள். இப்போது அங்கே அந்தச் சொல் வடிவத்தைக் குறிக்கிறது. எதனால் செய்தது என்பது பொருட்டில்லை. பள்ளியின் புதிய அத்தியாயங்களும் சரக்கு விற்றவரும் இந்தப் பொருளில் நின்றார்கள். பழைய அத்தியாயமும் பழைய பதிவேடும் முந்தைய பொருளில் நின்றன.

மற்ற மொழிகளில் இதே சாமானுக்கு உள்ள பெயர்களையும் பார்த்தோம். எந்தப் பக்கத்திலிருந்து பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எங்கள் வேலைக்கு உதவியது. பாரசீகத்திலேயே ‘அரக்-கீர்’ என்று ஒரு சொல் உண்டு: வியர்வையைப் பிடிப்பது. ஸ்பானிய ‘சுதாதெரோ’வும் வியர்த்தல் என்பதிலிருந்தே வருகிறது. இவை பயனை வைத்து வந்த பெயர்கள். பாரசீகத்தின் ‘ஜீன்-போஷ்’ வேறு சாமான், சேணத்தை மூடுவது. இருக்கும் இடத்தை வைத்து வந்தது, சேணத்துக்கு மேலே கிடப்பது. நம்தா செய்பொருளை வைத்து வந்தது. ஒரே சாமானை எதனால் ஆனது, எதற்கு, எங்கே, எந்த உருவம் என்று நான்கு பக்கத்திலிருந்து பெயரிடலாம். தமிழ்க் கையேட்டின் ‘சேணத்துணி’ நான்கில் எதையும் சரியாகச் சொல்லவில்லை. துணி என்றதும் நெய்தது என்ற எண்ணம் வருகிறது. நெய்தது என்றால் துவைக்கலாம் என்பது தானாகவே வந்துவிடுகிறது.

ஒரு தமிழ் மூலம்

கூட்டத்தில் ஒரு யோசனை எழுந்தது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகிவிடுவதால் ‘நமத்துப் போதல்’ என்ற நம் சொல்லிலிருந்தே நமதா, நம்தா வந்திருக்கலாமே என்றார் பயிற்றுநர்களில் ஒருவர். நமத்துப்போன அப்பளத்தை அறியாதவர் யார்? ஒலி அழகாகப் பொருந்துகிறது. அங்கிருந்த பலருக்கும் அது பிடித்துப்போயிற்று.

அதை ஏற்கவில்லை. காரணங்களைச் சொல்லி விளங்கவைக்க வேண்டியிருந்தது. முதலாவது, பாரசீகத்திலும் இந்துஸ்தானியிலும் இந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் ஈரம் இல்லை; கம்பளித் தகடு. தரைவிரிப்புக்கும் அதே பெயர்தான், அதில் வியர்வைக்கு இடமே இல்லை. இரண்டாவது, தமிழில் சேண விரிப்பை நமத்தலோடு தொடர்புபடுத்தும் வழக்கு எதையும் யாராலும் காட்ட முடியவில்லை. ஒரு சொல்லின் மூலத்தைச் சொல்ல ஒலி மட்டும் போதாது, பொருள் வந்த வழியும் தெரிய வேண்டும். இன்னொன்று: கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் கைக்கு நனைந்ததாகத் தோன்றாது. நல்ல ஃபெல்ட் நமத்துப் போகாது என்பதற்காகவே அதைக் குதிரைமேல் போட்டார்கள்.

சேணத்துக்கு அடியில் ஃபெல்ட் போடும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு அல்தாய் மலையின் பசிரிக் கல்லறைகள் சான்று. பனிக்கட்டி உறைந்த அந்தக் கல்லறைகளில் குதிரைகளோடு புதைத்த ஃபெல்ட் சேண விரிப்புகள் வண்ணவேலையோடு கெடாமல் கிடைத்தன. ஏறக்குறைய பொதுக் காலத்துக்கு முன் 5-ஆம் நூற்றாண்டிலிருந்து 3-ஆம் நூற்றாண்டு வரையிலானவை. இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளன. நமத்தல் யோசனை சொன்ன பயிற்றுநர் இந்தப் படங்களைப் பார்த்ததும் அதை மறந்து, அந்தத் தையலைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

எந்தச் சொல்லை ஏற்றோம், ஏன்

நான்கு வழிகள் முன்னால் இருந்தன.

‘நம்னா’ என்று ஒலிபெயர்த்து எல்லா இடத்திலும் போடுவது முதல் வழி. ஆங்கிலத்தில் இருக்கும் குழப்பம் அப்படியே தமிழுக்கு வந்துவிடும் என்பதால் அதை உடனே விட்டோம்.

பழந்தமிழ்ச் சொல்லை எடுப்பது இரண்டாவது. பல்லணம், கலணை இரண்டையும் ஆசிரியர் முன்வைத்தார். அழகான சொற்கள். பல்லணம் சமஸ்கிருத ‘பர்யாண’த்தின் பிராகிருத வடிவத்திலிருந்து வந்தது. ஆனால் இரண்டும் சேணத்தையே குறிப்பவை; அடியில் போடுவதை அல்ல. ஏற்கெனவே குழம்பியிருக்கும் இடத்தில் இன்னொரு பொருள்மாற்றத்தைச் செய்ய எனக்கு மனமில்லை.

மூன்றாவது, ‘அமுக்குக் கம்பளி’ என்று புதிதாக ஆக்குவது. இதையும் ஆசிரியர்தான் சொன்னார். விளக்கமாக நன்றாக இருக்கிறது. லாயத்தில் யாரும் அப்படிச் சொல்லப் போவதில்லை.

கடைசியில் லாயத்தில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டோம். இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று ஆசிரியரே சொன்னார். தமிழ்க் குதிரைக்காரர்கள் எல்லாவற்றையும் ‘மெத்தை’ என்றார்கள்; தேவைப்பட்டால் ‘சதுர மெத்தை’, ‘பஞ்சு மெத்தை’. வடக்கிலிருந்து வந்து வெகுகாலமாக வேலை பார்க்கும் ஒருவர் ஃபெல்ட்டை மட்டும் ‘நம்தா’ என்றார். மற்றவற்றை அவர் ஒருபோதும் அப்படிச் சொல்லியதில்லை. துவைக்கப் போகிறார்கள் என்று தெரிந்திருந்தால் தடுத்திருப்பாராம். அன்று அவர் விடுப்பில்.

ஆகவே இப்படி முடிவாயிற்று. சேணத்துக்கு அடியில் போடும் எதற்கும் பொதுப்பெயர் மெத்தை. ஃபெல்ட்டால் ஆனது மட்டும் நம்தா, முதல்முறை வரும் இடத்தில் ‘நெய்யாமல், கம்பளியை அழுத்திச் செய்தது, துவைக்கக் கூடாது’ என்ற விளக்கத்தோடு. சேணத்தின் உருவத்தில் வெட்டியது சேண வடிவ மெத்தை. சதுரமானது சதுர மெத்தை. ‘சேணத்துணி’ கையேட்டிலிருந்து முழுக்க எடுக்கப்பட்டது. ஆசிரியரின் ‘அமுக்குக் கம்பளி’க்கு அந்த விளக்கத்தில் இடம் கொடுத்தோம்.

வேற்றுச்சொல்லை ஏன் ஏற்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் கேட்டார். லாயத்தில் ஏற்கெனவே வாயில் இருக்கும் சொல் அது, ஒரே ஒரு பொருளில் மட்டும் இருக்கிறது, அந்தப் பொருள் எப்படிப் பராமரிப்பது என்பதையும் உள்ளேயே வைத்திருக்கிறது என்பது என் பதில். ஆங்கிலத்தின் நம்னா இதில் எதையும் இப்போது செய்வதில்லை. பாரசீகத்திலிருந்து வந்தது என்பதற்காக ஒதுக்கினால், ஜமுக்காளம் விரிக்கும்போதும் யோசிக்க வேண்டியிருக்கும்.

ஆர்டர் தாளில் பெயரை நம்புவதையே நிறுத்தினோம். எதனால் ஆனது, என்ன உருவம், எவ்வளவு தடிமன் என்று மூன்று கட்டங்கள், பெயர் நான்காவது.

அதற்குப் பின்

பழைய அத்தியாயம், புதிய அத்தியாயம் என்று பிரித்துக் கையேட்டை மறுபடி மொழிபெயர்த்தார் அதே ஆசிரியர். இம்முறை லாயத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்துப் பார்த்துச் செய்தார். வேறு இரண்டு இடங்களிலும் இதே மாதிரிக் கலப்பு இருந்ததை அவரே கண்டுபிடித்தார். அவை வார் வகைகள் பற்றியவை, இங்கே அவசியமில்லை.

புதிய நம்தாக்கள் வந்தபோது மருத்துவர் இன்னொரு விஷயத்தையும் பார்த்தார். அந்தச் சேணங்களில் சில மெத்தையே இல்லாமல் சரியாகப் பொருந்துபவை. நன்றாகப் பொருந்தும் சேணத்துக்கு அடியில் தடித்த மெத்தை போடுவது, அளவான செருப்புக்குள் தடித்த காலுறை போட்டுக்கொள்வது மாதிரி, இறுக்கம்தான் கூடும். அந்தக் குதிரைகளுக்கு வியர்வை உறிஞ்ச மெல்லிய பருத்தி மட்டும் போதும் என்று முடிவானது. நம்தா எல்லாக் குதிரைக்கும் வேண்டுமா என்பது இதற்கு முன் அங்கே யாரும் கேட்காத கேள்வி. எந்த வகை மெத்தையானாலும், வார் இறுக்குவதற்கு முன் அதன் நடுப்பகுதியைச் சேணத்தின் வளைவுக்குள் மேலே இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது முதுகெலும்பின் மேட்டை இழுத்து அழுத்தும். இது கையேட்டில் முதலிலிருந்தே இருந்த குறிப்பு. ஆனால் முந்தைய மொழிபெயர்ப்பில் ‘சேணத்துணியை மேலே தூக்கவும்’ என்று மட்டும் இருந்ததால், சேணத்துக்கு மேல் எடுத்துப் போடுவதா என்று சிலர் குழம்பியிருக்கிறார்கள்.

பெண்குதிரையின் வீக்கம் வடிந்தது. தோல் முழுதாக ஆறிய பிறகு, சேணத்தைப் புதிதாகப் பொருத்திப் பார்த்து, முதலில் குறைந்த நேரச் சவாரிக்கு மட்டும் எடுத்தார்கள். வார் இறுக்கும்போது நெளிவது உடனே நிற்கவில்லை. வலி போன பிறகும் எதிர்பார்ப்பு போகவில்லை என்றார் மருத்துவர். அது மெல்ல மெல்லக் குறைந்தது. காயம்பட்ட இடத்தில் ரோமம் வெள்ளையாக முளைத்திருக்கிறது. ரோமத்துக்கு நிறம் தரும் செல்கள் அழுத்தத்தில் அழிந்தால் அப்படித்தான் வரும், பழையபடி கறுக்காது.

சுருங்கிய ஃபெல்ட்டை மீட்க வழியில்லை. நீவி இழுத்துப் பார்த்தார்கள், ஆகவில்லை. அதை வெட்டி, சேணம் வைக்கும் மரத்தாங்கிகளின்மேல் அடித்துவிட்டார்கள். அதற்கு நன்றாகவே பயன்படுகிறது.

விற்றவரோடு இருந்த பிணக்கு தீர்ந்தது. திருப்பிய சரக்கை அவர் ஏற்றுக்கொண்டார், போக்குவரத்துச் செலவைப் பள்ளி ஏற்றது. அவரும் தன் பட்டியலில் செய்பொருளைத் தனியாகப் போடத் தொடங்கியிருக்கிறார் என்று கேள்வி.

இனி மாற்ற வேண்டியவை

ஒரு நூல் பல காலத்துக் குறிப்புகளால் ஆனதா என்பதை மொழிபெயர்ப்புக்குக் கொடுப்பவரே சொல்லிவிட வேண்டும். மொழிபெயர்ப்பவருக்கு அது வெளியிலிருந்து தெரியாது. இந்தப் பள்ளியில் அத்தியாயத் தலைப்பில் மூலத்தின் காலத்தைக் குறித்திருந்தால், ஆசிரியரே சந்தேகப்பட்டிருப்பார். ஒரே சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்ற ஒழுங்கைக் கலைச்சொல் வேலையில் நாங்கள் வற்புறுத்துவது உண்டு. ஒரே கையில் எழுதிய நூலுக்கு அது சரி. நூறாண்டு இடைவெளியுள்ள இரண்டு குறிப்புகளை ஒரே அட்டைக்குள் தைத்த கையேட்டில், அந்த ஒழுங்கே ஆபத்தாயிற்று.

குதிரைக்காரர் முரணைக் கேட்டபோது, எது புதியதோ அதைப் பின்பற்று என்பது பதிலாக வந்தது. எந்தச் சாமானைப் பற்றிக் கேட்கிறாய், எடுத்து வா என்று கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். இப்போது முரண் தெரிந்தால் குறித்துவைக்கக் கையேட்டின் கடைசியில் வெற்றுப் பக்கங்கள் வைத்திருக்கிறார்கள். சில குறிப்புகள் அதில் வந்திருக்கின்றன.

ஒரு பதிவு இன்னும் முடியவில்லை. செம்மறித்தோல் மெத்தையை எங்கே வைப்பது? அது கம்பளிதான், ஆனால் ஃபெல்ட் அல்ல, தோலோடு சேர்ந்தது. சேண வடிவத்தில் வருகிறது, சதுரமாகவும் வருகிறது. வடக்கத்திக்காரரைக் கேட்டால் நம்தா இல்லை என்று உறுதியாகச் சொல்கிறார், வேறு பெயரும் சொல்லவில்லை. இப்போதைக்கு ‘தோல் மெத்தை’ என்று பென்சிலில் எழுதி, கம்பளிக்கான சோப்பில் கையால் மட்டும் அலசி, வெயிலிலும் நெருப்பருகிலும் வைக்காமல் காயவைக்கச் சொல்லியிருக்கிறோம்.